மாமாவின் பந்து அக்காவுக்கு எதற்கு?



'கோல்ஃப்' என்றதும், 'அது பணக்காரங்க விளையாட்டு, நமக்கென்ன?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பீங்கான் பொம்மைக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலத்தில் இருந்துகொண்டு நானும் போன கோடை வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். கோவையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

அக்காவுக்கு வயது 57. சர்க்கரை உண்டு. 'தினமும் நடக்கணும்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா ரிட்டயர் ஆனதிலிருந்து காலையில் கோல்ஃப் ஆடப் போகிறவர். அவரோடு நடக்கப் போன அக்கா, ஒருநாள் மட்டையை வாங்கி அடித்துப் பார்த்திருக்கிறாள். 'முப்பது வருஷமா கரண்டி பிடிச்ச கைடி, இதையும் பிடிச்சிருச்சு!' என்று எனக்குப் போன் போட்டு ஒரே சிரிப்பு.

ஆனால் நான் போனபோது மட்டை கதவு மூலையில் சாத்திக் கிடந்தது. 'ஏன்க்கா போகலை?' என்று கேட்டேன். மாமா ஆசையாக, சாம்பியன்கள் அடிக்கிற அதே உயர்ந்த ரகப் பந்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரே வாரத்தில் நாலு பந்து குளத்துக்குள் போய்விட்டது. மாமா திட்டவில்லை. 'ஒரு பந்து என்ன விலை தெரியுமா?' என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். அந்தச் சிரிப்பு போதாதா? 'அந்தக் காசுக்கு ரெண்டு நாள் காய்கறி வாங்கலாம். அடிச்சா கல்லை அடிச்ச மாதிரி கை வேற அதிருது. எனக்கெதுக்குடி இந்த ஆசை?' என்றாள் அக்கா.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு போய், அங்கே சொல்லிக் கொடுப்பவரிடம் நானே கேட்டேன். அவர் சொன்னதிலும், பிறகு நான் படித்ததிலும் தெரிந்துகொண்டவை இவை.

கோல்ஃப் பந்து எதுவானாலும் விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது, குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆகவே ஆணுக்குக் கனமான பந்து, பெண்ணுக்கு லேசான பந்து என்று பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. விஷயம் உள்ளே இருக்கிற ரப்பரில். அது எவ்வளவு இளகலாக இருக்கிறது என்பதை 'கம்ப்ரெஷன்' என்ற எண்ணால் சொல்கிறார்கள். மிக மென்மையான பந்து 40-க்குப் பக்கத்தில்; சாம்பியன்கள் அடிப்பது 90, 100 என்று இருக்கும். தொழில்முறை ஆண்கள் மட்டையை வீசும் வேகம் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர். நம்மைப் போன்றவர்கள் வீசினால் 100 முதல் 125 வரை வந்தாலே பெரிய விஷயம்.

மென்மையான பந்து வாங்கினால் மாயமாகப் பல கெஜம் கூடப் போகும் என்று நம்பிவிடாதீர்கள். மெதுவாக வீசுகிறவருக்குத் தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்புறம் ஏன் கூடுதல் காசைக் கொட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி! மென்மையான பந்தில் கை அதிர்வது குறைவாகத் தெரியும். சுழற்சி குறைவாக இருப்பதால் பக்கவாட்டில் ஓடாமல் ஓரளவு நேராகப் போகும். யூரித்தேன் என்ற விலை கூடிய மேலுறையும் பல அடுக்கும் இல்லாமல், இரண்டே பாகமாகச் செய்வதால் விலையும் ஏறக்குறைய பாதிதான். காலவே சூப்பர்சாஃப்ட், ஸ்ரிக்ஸன் சாஃப்ட் ஃபீல், வில்சன் டியோ சாஃப்ட் எல்லாம் இந்த ரகம். குளத்திலும் புதரிலும் எடுத்துக் கழுவி விற்கிற பந்து இன்னும் மலிவு. கீறல் மட்டும் பார்த்து வாங்கினால் போதும்.

கடைக்குப் போனோம். 'லேடீஸுக்கா? இதோ பிங்க் கலர்' என்று எடுத்து வைத்தார் கடைக்காரர். கலரா முக்கியம்? அக்கா தேர்ந்தெடுத்தது மஞ்சள். புல்லில் கிடந்தால் அவள் கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்காக!

ஒரு காலத்தில் தோல் உறைக்குள் இறகைத் திணித்துத் தைத்த பந்தில்தான் கோல்ஃப் ஆடினார்களாம். விலை அதிகம், சீக்கிரம் கெட்டும் போகும். 1848 வாக்கில் குட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் மலிவான பந்து வந்த பிறகுதான் சாதாரண ஜனங்களும் ஆட முடிந்தது. மலிவான பந்து கேவலம் இல்லை, தோழிகளே. மூடியிருந்த கதவைத் திறந்ததே அதுதான்.

பலம் மட்டும்தான் எல்லாமா? பெங்களூருப் பெண் அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தூரமாக அடிப்பதில் பலருக்கும் பின்னால்தான் இருந்தார். ஆனாலும் நிதானத்தால் நான்காம் இடம் பிடித்தார். ஒரே ஓர் அடியில் பதக்கம் போயிற்று. மகளின் பையைச் சுமந்து மைதானம் முழுக்க நடந்தவர் அவருடைய அம்மா!

கோல்ஃப் நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாதுதான். ஆனால் நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். அண்ணன் போட்டுத் தேய்ந்த ஷூவை மாட்டி மகளை ஓட விடுகிறோம். அவன் உயரத்துக்கு வாங்கின பேட்டை அவள் கையில் கொடுக்கிறோம். அவள் தடுமாறினால், 'உனக்கு விளையாட்டு வராது' என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அவளுக்கு வராமல் இல்லை; கொடுத்த சாமான்தான் அவள் அளவுக்கு இல்லை.

எங்கள் ஊர்ச் சூளைக்காரர்களைக் கேளுங்கள். மின்கம்பத்துப் பீங்கானைச் சுடுகிற சூட்டில் சாதாரண மண்பொம்மையை வைத்தால் உருக்குலைந்துதான் போகும். அது மண்ணின் குற்றமா?

அக்கா இப்போது வாரம் நாலு நாள் போகிறாள். போன வாரமும் ஒரு பந்து குளத்தில் விழுந்ததாம். 'போனா போகுதுடி, இது என் பந்து' என்றாள். கேட்கவே இனித்தது.

நான் சொல்வது சரிதானே, தோழிகளே?

- ஒரு வாசகி, விருத்தாசலம்.