இரத்தத்திற்கு ஜாதி உண்டா?

எங்கள் இரத்தம் உயர்ந்த இரத்தம், கலப்பில்லாத இரத்தம் என்று பெருமை பேசுகின்றவர்கள் நமது அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் காட்டில் இன்னமும் இருக்கின்றார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். பிள்ளைப்பேற்றில் உதிரம் கொட்டி உங்கள் பெண் உயிருக்கு மன்றாடும்போது, டாக்டர் எந்த ஜாதி இரத்தம் வேண்டும் என்றா கேட்கின்றார்? எந்தப் பிரிவு இரத்தம் என்றுதானே கேட்கின்றார்!

அந்தப் பிரிவுகளை வேதமோ சாஸ்திரமோ சொல்லவில்லை. 1901-ல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் ஏ, பி, ஓ என்று பிரித்துக் காட்டினார். மறு வருஷமே ஏபி என்பதும் தெரிந்தது. ஏ இரத்தக்காரருக்கு பி இரத்தத்தை ஏற்றினால், அவர் உடம்பிலுள்ள எதிர்ப்புச் சக்தி வந்த அணுக்களை உடைத்துப் போடும். சிறுநீரகம் கெட்டு உயிரும் போகலாம். ஒரே ஜாதியாயிருப்பது அங்கே காப்பாற்றாது. தகப்பன் ஏ, தாய் பி ஆனால் நான்கு பிரிவிலும் பிள்ளைகள் பிறக்கலாம். ஆகவே கூடப்பிறந்தவன் இரத்தம் சேராமலும், நீங்கள் தீண்டாதவன் என்று ஒதுக்கினவன் இரத்தம் சேர்ந்தும் போகலாம்.

1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டே முதலியோர் ஓர் அபூர்வப் பிரிவைக் கண்டு சொன்னார்கள். சாதாரணச் சோதனையில் அது ஓ போலவே தோன்றும். ஆனால் ஓ இரத்தமும் அவர்களுக்குச் சேராது. அதே பிரிவுதான் வேண்டும். அந்த மனிதர் பிழைக்க ஊர் ஊராய்த் தேடும்போது யாராவது குலம், கோத்திரம் பார்ப்பார்களா?

இந்த மூடத்தனம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கருப்பு மக்கள் கொடுத்த இரத்தத்தை 1950 வரை தனியாகப் பிரித்து வைத்தது. அதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை.

விசாரிக்க வேண்டியது வேறு. பிரிவு பொருந்துகிறதா, நோயாளியின் இரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார்களா, நோய்க்கிருமி சோதித்தார்களா என்பவையே அவை. 2018 டிசம்பரில் நமது ஜில்லாவிலேயே, சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில், எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட செய்தி வெளியாயிற்று. இதை மறக்கலாமா?

தோழர்களே! 18 வயதும் 45 கிலோ எடையும் ஆரோக்கியமும் உள்ளவர்கள் 350 மில்லி இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் கொடுக்கலாம். கொடுத்தால் பலம் போய்விடும் என்பது வீண் பயம்.

ஆபத்தில் யார் இரத்தத்தையும் வாங்கிக்கொண்டு, பிழைத்து வீடு வந்ததும் அதே மனிதனுக்குத் தனிக் குவளை வைப்பது மனிதத்தன்மை ஆகுமா என்பதை வாசகர்களே யோசித்துச் சொல்லட்டும்.