தண்டனை அச்சமும் தாமதமாகும் உதவி அழைப்பும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டின் முதல் ஆறு வாரங்களே மாணவர் மதுப் பழக்கத்தில் மிகவும் ஆபத்தான காலம் என்று வளாக நலவாழ்வு மருத்துவர்கள் கருதுகின்றனர். பெற்றோரின் கண்பார்வையை விட்டு முதன்முறையாக விலகி வந்த முதலாண்டு மாணவர்கள், புதிய நட்பைத் தேடிச் செல்லும் விருந்துகளில் குறுகிய நேரத்தில் மிகுதியாகக் குடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். வெறும் வயிற்றில் குடிக்காதிருத்தல், இடையிடையே தண்ணீர் அருந்துதல், கோப்பையைக் கண்காணிப்பின்றி விடாதிருத்தல், உடன் வந்தவர்களுடனேயே திரும்புதல் என ஆண்டுதோறும் வழங்கப்படும் அறிவுரைகளில் பிழை ஏதுமில்லை. எனினும் அவை யாவும் குடிப்பவரை நோக்கியவை. ஒருவர் நினைவிழந்து விழுந்துவிட்டால் அருகில் நிற்கும் 19 வயது நண்பர் தொலைபேசியை எடுப்பாரா, மாட்டாரா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது துண்டறிக்கையன்று, அந்தக் கல்லூரியின் ஒழுங்கு விதி என்பதே இவ்விதழின் கருத்து.

இதற்குப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017 பிப்ரவரி 2 அன்று இரவு நிகழ்ந்ததைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 'ஃபிரட்டர்னிட்டி' எனப்படும், உறுப்பினர்கள் ஒரே இல்லத்தில் கூடி வாழும் ஆண் மாணவர் சங்கம் ஒன்றின் சேர்க்கைச் சடங்கில், 19 வயதான இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்கு 82 நிமிடங்களில் குறைந்தது 18 முறை மது கொடுக்கப்பட்டதாக அரசுத் தரப்பு தெரிவித்தது. நிலவறைப் படிக்கட்டில் உருண்டு விழுந்த அவரைத் தூக்கிவந்து சோபாவில் கிடத்தியவர்கள், ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து, மறுநாள் முற்பகலில்தான் அவசர எண்ணான 911-ஐ அழைத்தனர். மண்டையோட்டு முறிவாலும் மண்ணீரல் சிதைவாலும் அவர் பிப்ரவரி 4 அன்று இறந்தார். அவ்வில்லத்தின் கண்காணிப்புக் கேமராக்கள் இரவு முழுவதையும் பதிவு செய்திருந்தன. விழுந்தவர் மல்லாந்து படுத்து வாந்தியால் மூச்சடைத்துவிடக் கூடாது என்று அவர் முதுகில் புத்தகங்கள் நிறைந்த பையை மாட்டியதும், குடித்தவரின் கைகால்கள் சில்லிட்டுப் போவதைப் பற்றி ஒருவர் கைபேசியில் தேடிப் பார்த்ததும் விசாரணையில் வெளிவந்தன. அபாயம் இருப்பதை அவர்கள் ஓரளவேனும் அறிந்திருந்தனர். அறிந்தும் அழைக்கவில்லை என்பதுதான் நலவாழ்வுத் துறையினர் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

'தூங்கினால் தெளிந்துவிடும்' என்னும் நம்பிக்கை இத்தகைய தயக்கத்துக்கு வாய்ப்பான சாக்காகி விடுகிறது. கடைசிக் கோப்பையைக் கீழே வைத்த பின்னரும் இரைப்பையிலும் குடலிலும் உள்ள மது உறிஞ்சப்பட்டுக்கொண்டிருப்பதால், உறங்குபவரின் இரத்தத்தில் ஆல்கஹால் அளவு மேலும் உயரக்கூடும். கல்லீரலோ அதைச் சீரான, மெதுவான வேகத்தில்தான், மணிக்குச் சுமார் 0.015 விழுக்காடு என்ற அளவில், குறைக்கிறது. அளவு 0.30 விழுக்காட்டைத் தொட்டவர், அந்நாட்டில் வாகனம் ஓட்டுவதற்குப் பெரும்பாலான மாநிலங்கள் வகுத்துள்ள எல்லையான 0.08-க்கு இறங்கவே 14 மணி நேரத்துக்கு மேலாகும். காப்பியோ குளிர்ந்த நீர்க் குளியலோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. தொண்டையின் காப்பு அனிச்சை மழுங்கிய நிலையில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது, அதாவது புரையேறுதல், மரணத்துக்கான முக்கிய வழிகளுள் ஒன்று. தட்டி எழுப்பியும் விழிக்காமை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைந்த மூச்சு, இரு மூச்சுகளுக்கிடையே பத்து வினாடி இடைவெளி, நீலம் பாரித்துச் சில்லிட்ட தோல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். கீழே விழுந்தவரிடம் போதையும் தலைக்காயமும் ஒரே தோற்றம் காட்டும் என்பதால், அவற்றைப் பிரித்தறியும் பொறுப்பை நண்பர்களிடம் விடுவதற்கில்லை.

அவ்வாறு அழைப்பவர்க்குத் தடையாக நிற்பது தண்டனை. அமெரிக்காவில் மது வாங்குவதற்கான வயது 21 என்பதால், இளநிலை மாணவருள் பெரும்பாலோர்க்கு அழைப்பு என்பதே குற்ற ஒப்புதலாகி விடுகிறது. இதற்கு மாற்றாக எழுந்ததே 'மெடிக்கல் அம்னெஸ்டி' எனப்படும் தண்டனை விலக்கு விதி: மருத்துவ உதவியை நாடியவர்மீதும் உதவி பெற்றவர்மீதும் மது தொடர்பான ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படாது என்று கல்லூரி முன்கூட்டியே உறுதியளிப்பது. கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல் இதை நடைமுறைப்படுத்திய பின், உதவி அழைப்புகள் கூடின. குடிக்கும் வழக்கம் அதற்கேற்பக் கூடவில்லை. அவசர நிலைக்குப் பின் நலவாழ்வு மையத்தில் குறுகிய ஆலோசனை பெற்ற மாணவரின் விகிதம் இரண்டாம் ஆண்டு முடிவில் 22 விழுக்காட்டிலிருந்து 52 விழுக்காடாக உயர்ந்தது. விலக்கு அளித்தால் குடி பெருகும் என்ற வாதத்துக்கு இதற்குமேல் இடமில்லை.

விதி இருந்தாலும் அதில் ஓட்டைகள் இருக்கலாம். விலக்கு அழைத்தவரைக் காத்து, விருந்து நடத்திய சங்கத்தைக் காக்காமல் விட்டால், சங்கத்தின் மூத்தவர்கள் இளையவரின் கையைப் பிடித்துத் தடுப்பார்கள். பென்சில்வேனியாவில் 2018-இல் இயற்றப்பட்ட பகடிவதைத் தடுப்புச் சட்டம், உதவியை நாடுவோர்க்குப் பாதுகாப்பளிக்கும் பிரிவையும் கொண்டிருப்பது தற்செயலன்று. ஆம்புலன்ஸ் கட்டணம் பெற்றோரின் காப்பீட்டுக் கணக்கில் தோன்றும் என்ற அச்சத்தை எந்த விதியும் போக்குவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்று பயிலும் மாணவர்க்கு இத்துடன் விசா பற்றிய கவலையும் சேர்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவதும் காவல்துறையால் கைது செய்யப்படுவதும் வெவ்வேறு என்பதை அவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை.

தமிழ்நாட்டு விடுதிகளின் நிலை இதனினும் இறுக்கமானது. குடித்தது தெரிந்தால் விடுதியிலிருந்து நீக்கம் என்பதே பல இடங்களில் எழுதப்படாத விதி. ஆகவே, 'சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை' என்றோ 'குளியலறையில் வழுக்கி விழுந்தான்' என்றோ சொல்லி நண்பர்கள் அழைத்துவரும்போது, பணியிலுள்ள மருத்துவர் உண்மையை ஊகித்தாக வேண்டியிருக்கிறது. மெத்தனால் கலந்த சாராயம் புழங்கும் நாட்டில், பார்வையையும் உயிரையும் காக்கும் மாற்றுமருந்தை உரிய நேரத்தில் தொடங்குவதற்கு, என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்ற உண்மை இன்றியமையாதது.

வளாக நலவாழ்வு மையங்களில் பணிபுரிவோர் அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு முன் தங்கள் நிறுவனத்தின் ஒழுங்கு விதியை ஒருமுறை படித்து, அது அழைப்பவர், நோயுற்றவர், விருந்து நடத்தியோர் ஆகிய மூவரையும் காக்கிறதா என்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டுமென இவ்விதழ் வேண்டுகிறது.