கரி மூட்டை சுமந்த கதாநாயகன்



மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்றதும், "எதைப் பற்றித் தம்பி?" என்று கேட்டார் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர். "டீமன் ஸ்லேயர்" என்றேன். "ஏன்டா, பொம்மைப் படத்துக்கா கட்டுரை? வரதட்சணை, சுற்றுச்சூழல்னு எவ்வளவோ இருக்கே!" என்று சிரித்தார். சிரிக்கட்டும். ராத்திரி போர்வைக்குள் செல்போனை ஒளித்து வைத்துக்கொண்டு நம் வகுப்பில் பாதிப் பேர் பார்ப்பது எதை? பார்க்கிறதைப் பற்றி யோசித்து நாலு வார்த்தை எழுதினால் தப்பா?

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். அனிமே என்பது ஜப்பான்காரர்கள் எடுக்கும் ஓவியப் படம். கோயோஹாரு கோட்டோகே எழுதி வரைந்த படக்கதையாக 2016 முதல் 2020 வரை ஒரு வார இதழில் வந்தது டீமன் ஸ்லேயர். மொத்தம் 23 தொகுதிகள். 2019-இல் யூஃபோடேபிள் என்ற நிறுவனம் அதைத் தொடராக எடுத்தது. 2025 செப்டம்பரில் 'இன்ஃபினிட்டி காசில்' படம் நம் நாட்டில் வெளியானபோது தமிழிலும் பேசியது. நாங்கள் நாலு பேர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அரக்கன் தமிழில் பேசுவதைக் கேட்டு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

கதை இதுதான். மலையில் கரி சுட்டு, மூட்டையைச் சுமந்து போய் ஊரில் விற்கிற பையன் தன்ஜிரோ. தகப்பனார் இல்லை. தம்பி, தங்கைகளுக்குக் கஞ்சி ஊற்ற இவன்தான் உழைக்க வேண்டும். ஒருநாள் கரி விற்கப் போனவன் மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தால், குடும்பமே வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. செய்தவன் முஸான் என்ற அரக்கர் தலைவன். மிஞ்சியது தங்கை நெஸுகோ மட்டும். அவளும் அரக்கியாக மாறிவிட்டாள். தங்கையை மறுபடி மனுஷியாக்க அண்ணன் கத்தி எடுக்கிறான். இருட்டும் ரத்தமும் நிறைந்த கதை. சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள்!

இனி நிறை, குறைகளைப் பார்ப்போம்.

நிறைகள்

முதல் நிறை, கதாநாயகனின் தொழில். நம் சினிமாவில் ஹீரோ பிறக்கும்போதே பத்துப் பேரை அடிப்பான். இவனோ உரோகொடாகி என்ற கிழவரிடம் இரண்டு வருஷம் விழுந்து எழுந்து பயிற்சி எடுக்கிறான். கடைசியில் ஒரு பெரிய பாறையைக் காட்டி, "இதை வெட்டு" என்கிறார் குரு. ஆறு மாசம் ஆகியும் பாறையில் கீறல்கூட விழவில்லை. அவன் அழுகிறான், பாறையில் தலையை முட்டிக்கொள்கிறான். எஞ்சினியரிங் டிராயிங் பேப்பரில் மூன்று தடவை பெயில் ஆனவனுக்கு அந்தப் பாறை என்னவென்று புரியும்.

இன்னொரு காட்சி. எலும்பு முறிந்த நிலையில் சண்டை போடும்போது, நான் மூத்த பிள்ளை, அதனால் தாங்குவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். பார்த்த எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்த மூன்று பேர் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாவது நிறை, அரக்கர்களுக்கும் ஒரு கதை உண்டு என்பது. அகாஸா என்ற அரக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவனாக இருந்தபோது நோயாளித் தகப்பனுக்கு மருந்து வாங்கப் பிக்பாக்கெட் அடிக்கிறான். பிடித்துச் சவுக்கால் அடித்து, திருடன் என்று கையில் கோடு கோடாகப் பச்சை குத்திவிடுகிறார்கள். தன்னால்தான் பிள்ளை திருடுகிறான் என்று தகப்பன் தூக்கு மாட்டிக்கொள்கிறார். இதைத் தமிழில் கேட்டபோது தியேட்டரே அமைதியானது. மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காசுக்கு யாரைக் கேட்கலாம் என்று யோசித்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! அதற்காக அகாஸா செய்த கொலைகளைக் கதை மன்னிப்பதில்லை. வெட்ட வேண்டியதை வெட்டுகிறது. ஆனால் செத்த அரக்கனின் துணியை ஒருவர் மிதித்தபோது, காலை எடுக்கச் சொல்லி, அவனும் மனுஷனாக இருந்தவன்தான் என்கிறான் தன்ஜிரோ. தண்டனை வேறு, அவமானம் வேறு. இது எனக்குப் பெரிய பாடம்.

மூன்றாவது நிறை, வேலைப்பாடு. முதல் தொடரின் 19-ஆம் பகுதியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கத்தியைச் சுற்றி வரும் தண்ணீர் பழைய ஜப்பானிய மர அச்சு ஓவியம் மாதிரி இருக்கும். அது நெருப்பாக மாறும்போது உடம்பு சிலிர்க்கும்.

குறைகள்

ஜவ்வு இழுப்பு முதல் குறை. கழுத்துக்குக் கத்தி வந்தாச்சு... அப்போதுதான் பிளாஷ்பேக் ஓடும். இன்ஃபினிட்டி காசில் இரண்டரை மணி நேரப் படம். அதில் பிளாஷ்பேக்கைக் குறைத்திருந்தால் நாங்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்திருப்போம்.

இரண்டாவது, நெஸுகோ. இந்தக் கதையே அவளுக்காகத்தான் நடக்கிறது. ஆனால் வாயில் மூங்கிலைக் கட்டி, பெட்டிக்குள் வைத்து, அண்ணன் முதுகில் சுமக்கிறான். அவள் என்ன நினைக்கிறாள் என்று நமக்குத் தெரிவதே அபூர்வம். நம் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்லயும் அப்படித்தான். என்னைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, என்கிட்ட யாரும் பேச மாட்டாங்க." இதற்கு மேல் நான் என்ன எழுத?

மூன்றாவது, அந்தத் தேர்வு. அரக்கர்கள் திரியும் மலையில் ஏழு நாள் உயிரோடு இருந்தால் பாஸ். இருபது பிள்ளைகள் போலப் போகிறார்கள், தேறியது ஐந்தே பேர். தன் குரு முன்பு அனுப்பிய பிள்ளைகளில் பலர் அங்கேயே செத்தவர்கள் என்று தன்ஜிரோவுக்குத் தெரிய வருகிறது. ஆனால் "இப்படி ஒரு பரீட்சை எதற்கு?" என்று கடைசி வரை ஒருத்தரும் கேட்கவில்லையே! தேறியவனின் கதையை எல்லாரும் சொல்வார்கள். முதல் வருஷம் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் அரியர் சேர்ந்துபோய் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் என்னைவிட மக்கு இல்லை.

நான்காவது குறைதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. தண்ணீர்ச் சுவாசம் கற்ற தன்ஜிரோ, சாகப் போகிற நேரத்தில் தகப்பன் ஆடிய ஒரு நடனத்தை நினைத்துக்கொள்கிறான். அதுவே எல்லாக் கலைக்கும் மூலமான சூரியச் சுவாசம் என்று பின்னால் தெரிகிறது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அப்படியானால் பாறையை வெட்டிய உழைப்பெல்லாம் எதற்கு? கடைசியில் இவனும் பரம்பரைச் சொத்துள்ளவன்தானா? நம்மை மாதிரி வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவனுக்கு எந்தப் பரம்பரை இருக்கிறது? அட்மிஷன் பாரத்தில் தந்தையின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு வந்தவன் நான்.

இந்தக் கோபத்தோடு இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வேலைக்குப் போனேன். அப்பா கொத்தனார். நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றில் பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சரி செய்கிற வேலை. தன்ஜிரோ கதை நடக்கிற தைஷோ காலம் 1912 முதல் 1926 வரை. அந்த வருஷங்களில் நம் செட்டிநாட்டிலும் பர்மா தேக்கு இறக்கி இப்படிப்பட்ட வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அப்பா கடுக்காயை ஊறவைத்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்புக் கலவையைக் கரண்டியில் எடுத்துச் சரித்தார். "இன்னும் கொஞ்சம் அரைக்கணும்" என்றார்.

"எப்படிப்பா தெரியும்?"

"ஐயா கையைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அவ்வளவுதான்."

கடுக்காயில் டானின் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். எந்தப் பதத்தில் கலவை சுவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அது அப்பாவுக்குத் தெரியும். அப்பாவின் ஐயாவுக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பாரத்தில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அந்த நடனக் காட்சியை மறுபடி பார்த்தேன். முதல் தடவை நான் கவனிக்காத ஒன்று இருந்தது. சூரியச் சுவாசம் தன்ஜிரோவின் ரத்தத்தில் வரவில்லை. அவன் முன்னோர் ஒருவர், அவரும் கரி சுடுகிறவர், யோரிஇச்சி என்ற வாள் வீரர் செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். உறவு கிடையாது, சும்மா பார்த்துக்கொண்டு நின்றவர். அப்புறம் தலைமுறை தலைமுறையாக அது வாள் வித்தை என்றே தெரியாமல், புது வருஷத்துக்குப் பனியில் ஆடுகிற நடனமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். சொத்து, பட்டா எதுவும் இல்லாத பரம்பரை!

அதற்காகக் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆபத்து நேரத்தில் திடீரென்று ஞாபகம் வருவது கதாசிரியருக்கு வசதியான தந்திரம். தகப்பன் நடனம் எதுவும் கிடைக்காத பிள்ளை என்ன செய்வான் என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கு ஸெனிட்சுவைக் காட்டுகிறார்கள். அவன் அனாதை. மின்னல் சுவாசத்தின் ஆறு முறைகளில் அவனுக்கு வந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையே அடித்து அடித்துக் கூராக்கிக்கொள்கிறான். போகட்டும், அவனுக்கும் ஒரு வழி இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, என் தாழ்மையான தீர்ப்பு: பத்துக்கு ஏழரை மார்க். இரண்டரை மார்க்கை ஜவ்வுக்கும், பேசாத தங்கைக்கும், கேள்வி கேட்காத தேர்வுக்கும் கழித்துவிட்டேன். பாருங்கள். ஆனால் செமஸ்டருக்கு முந்தின ராத்திரி வேண்டாம்!

அடுத்த ஞாயிறும் அப்பாவோடு போகிறேன். இந்தத் தடவை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு. எத்தனை பங்கு சுண்ணாம்பு, எத்தனை பங்கு மணல், எத்தனை நாள் ஊறல் என்று அப்பா கை சொல்வதை நான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அதை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தானே!