ஈ.சி.ஜி.யில் கேஸ் தெரியாது!



என் மைத்துனருக்குப் போன மாதம் இரவு பத்து மணிக்கு நெஞ்சில் பாரம், உடம்பெல்லாம் வியர்வை. பக்கத்து மருத்துவமனையில் ஒரே ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, "நார்மல், கேஸ்தான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். விடிகாலையில் மறுபடி வலி. இரண்டாவது ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையில் செத்துப்போன பகுதி திரும்ப வராது.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஈ.சி.ஜி. என்பது சுமார் 10 நொடிப் பதிவு. காலையில் 'உள்ளேன் ஐயா' சொன்ன பையன் மதியமும் வகுப்பில்தான் இருப்பான் என்று எந்த வாத்தியாராவது நம்புவாரா?

ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால் பெரும்பாலும் 'எஸ்.டி.' என்ற பகுதி மேலே எழும்பும். ஓரளவு அடைப்பென்றால் அது கீழே இறங்கலாம், 'டி' அலை தலைகீழாகலாம், எதுவுமே மாறாமலும் இருக்கலாம். இதயத்தின் பின்பக்கச் சுவர் பாதிக்கப்பட்டால் வழக்கமான 12 லீட் ஈ.சி.ஜி.யில் நேரடியாகத் தெரியாது. முதுகுப் பக்கமும் லீட் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதனால்தான், முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால், முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அது ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால் அதையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

"காசு பிடுங்கத்தான் டெஸ்ட் மேல் டெஸ்ட்" என்று சிலர் சொல்வீர்கள். தேவையில்லாத டெஸ்ட்டை நானும் எதிர்க்கிறேன். இது அந்த ரகமல்ல. அந்தத் தாள் 'இப்போது மாற்றம் தெரியவில்லை' என்று மட்டும்தான் சொன்னது. 'கேஸ்' என்று சொன்னது மனிதர்கள்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் உடனே 108. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல்கூட வரலாம். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையோடு எடுத்துப்போங்கள். "இன்னொரு ஈ.சி.ஜி. எப்போது எடுப்பீர்கள், டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டதற்காக உங்களை நான் அடித்ததில்லையே!

தாளை வாட்ஸ்அப்பில் போட்டு எங்களிடம் கேட்காதீர்கள். எங்களுக்குக் கும்பிடு போடத்தான் தெரியும்.