ராட்டினத்தின் கீழே நிற்பவர்கள்

திருவிழாக் காணாத ஊர் தமிழகத்தில் இல்லை; ராட்டினம் சுழலாத திருவிழாவும் அரிது. தர்காவின் கந்தூரியாயினும், கோயிலின் தேரோட்டமாயினும், மாதா கோயில் கொடியேற்றமாயினும், ஊர்ப் பொட்டலின் ஓரத்தில் குடை ராட்டினம் ஒன்றும் தொட்டில் ராட்டினம் ஒன்றும் முதல்நாளே முளைத்துவிடும். நான் சிறுமியாக இருந்தபோது, தொட்டில் ராட்டினத்தைச் சுழற்ற இயந்திரம் இல்லை. இளைஞர் இருவர் அதன் சட்டங்களில் தொற்றி ஏறித் தம் உடல் எடையாலேயே அதனைச் சுழற்றுவர். ஏறியவர் கூச்சலிடுவர். கீழே நிற்பவர் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பர். பாட்டிமார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வர். அந்தப் பொட்டலின் கணக்கில் ஒன்றை நான் அப்போது கவனித்ததில்லை. இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். கட்டணம் ஏறுபவர்க்கு மட்டுமே. கீழே நின்று பார்ப்பவரிடம் எவரும் காசு கேட்டதில்லை.

இன்று அந்தப் பொட்டலுக்கு மதில் எழுந்துவிட்டது. திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழ்பவர் இம்மாற்றத்தைக் கண்கூடாகக் கண்டவர். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கால்கொண்டது. 2006இல் நோக்கியா வந்தது. 2014இல் கதவடைத்துப் போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரிப்பாசன வயல்கள் மூன்று ‘ஷிப்டு’ ஊர்களாயின. தொழிற்சாலைகள் வந்த சாலையிலேயே கேளிக்கைப் பூங்காக்களும் வந்தன. தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா 1995இல் தோன்றியது. பூந்தமல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே, செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய பழஞ்சூரில், குயின்ஸ்லாந்து எழுந்தது. 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 611 கோடி ரூபாய் முதலீட்டில், 43 சவாரிகளோடு வொண்டர்லா திறக்கப்பட்டது. தொடங்கியபோது அதன் நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாயிலிருந்து அறிவிக்கப்பட்டது. சிறுவர்க்கும் மூத்தோர்க்கும் சலுகை உண்டெனினும், ஐவர் கொண்ட தொழிலாளர் குடும்பம் ஒன்று பேருந்துச் செலவையும் பகலுணவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், அந்தத் தொகை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிது.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் கணவர், பிள்ளைகள் இருவர், நாத்தனார், என் தாயார் ஆகியோருடன் ஒரு பூங்காவிற்குச் சென்றேன். ஆறு பேருக்கும் சீட்டு வாங்கினோம். பெரிய சவாரி ஒன்றின் வாயிலில் உயரக்கோல் நின்றது. பதினொரு வயது மகன் அதன்முன் நுனிக்காலில் நின்று பார்த்தான். அங்கிருந்த பணியாள் அவன் தோளில் மெல்லக் கைவைத்து அழுத்தினார். இரண்டு விரற்கடை குறைந்தது. பேரனைத் தேற்றுவதற்காக என் தாயார் தாமும் அக்கோலின்கீழ்ப் போய் நின்றார். அவரும் குறைவே! “நன்னியும் சின்னப்பிள்ளை” என்று என் மகள் கைகொட்டினாள். அதன்பிறகு நடந்ததில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அன்றைய பகல் முழுதும் என் தாயார் ஆறு பேரின் செருப்பையும் நான்கு பைகளையும் காத்துக்கொண்டு, வரிசைத் தடுப்புக் கம்பியின் ஓரத்தில் வெயிலில் நின்றார். அமர ஒரு பலகை இல்லை. முழுச்சீட்டு வாங்கிய அவர் ஏறியது, சிறுவர்க்கான புகைவண்டி ஒன்றில் மட்டுமே. திரும்பும் வழியில், “ராட்டினம் எங்கே இருந்துச்சு, நான் பார்க்கவே இல்லையே?” என்று கேட்டார். அவர் நின்ற இடத்திலிருந்து எந்தச் சவாரியும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த உயரக்கோலை நான் குறை கூறேன். அதனைத் தாழ்த்த வேண்டுமென்று கோருபவர்கள் உண்டு. “என் பிள்ளைக்குப் பயமே கிடையாது” என்று வாயிலில் வாதாடும் தந்தையரை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அக்கோல் அளப்பது பிள்ளையின் அச்சத்தை அன்று. தோள்மேல் இறங்கும் இரும்புப் பிடி அவ்வுடலைப் பற்றுமா, நழுவவிடுமா என்பதையே அது அளக்கிறது. தாம்பரத்தை அடுத்த பூங்கா ஒன்றில் 2016 மே மாதம் சோதனை ஓட்டத்தின்போது சவாரி சரிந்து பணியாளர் ஒருவர் உயிரிழந்ததும், 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் குழந்தைகள் உட்படப் பலர் உயரத்திலேயே சில மணி நேரம் சிக்கித் தீயணைப்புத் துறையினரால் மீட்கப்பட்டதும் நம் நினைவில் உள்ளவை. உடை பற்றிய விதிகளும் அத்தகையனவே. 2018இல் அரியானாவின் பிஞ்சோரில், சிறு பந்தயவண்டியின் சக்கரத்தில் தலைமுடி சிக்கிப் பெண்ணொருத்தி இறந்தார். துப்பட்டாவையும் நீண்ட மேலங்கியையும் இறுக்கிக் கட்டச் சொன்னால் அதனை அவமதிப்பாகக் கொள்ள வேண்டா என்று என் மாணவியர்க்குச் சொல்வதுண்டு. அங்கேயே பெண்களுக்கென மறைவான உடைமாற்றும் அறையும், கழற்றிய மேலங்கியை வைத்துப் பூட்டப் பெட்டியும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஆகவே கேள்வி கோலைப் பற்றியதன்று. சிலிர்ப்பும் குடும்பமும் ஒன்றுக்கொன்று பகையா என்பதே கேள்வி. பகை என்று பூங்கா நடத்துவோர் பலர் கருதுவதாகத் தோன்றுகிறது; ‘இளைஞர்க்குப் பெரியது, குழந்தைக்குப் பொம்மை’ என்று நிலத்தை இரண்டாகப் பிரித்துவிடுகின்றனர். இடைப்பட்ட வயதினர்க்கும் உயரத்தினர்க்கும் அங்கு வேலையில்லை.

இச்சவாரிகளின் வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது. 1895இல் நியூயார்க்கின் கோனித் தீவில் தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர் ஒன்றை அமைத்தார்கள். அதன் வளையம் முழு வட்டம். வட்டத்தினுள் வண்டி நுழைந்த கணத்தில் உடலின்மேல் திடீரென எடை ஏறியதால் கழுத்து வலியோடு இறங்கினர் மக்கள். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. எண்பதாண்டுகள் கழித்து, 1976இல், கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் செருமானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வட்டத்தைக் கைவிட்டு, நீர்த்துளி வடிவில் வளையத்தை வரைந்தார். அடியில் அகன்று உச்சியில் குறுகும் அவ்வளைவில் எடை படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கியது. தலைகீழாகும் சிலிர்ப்பு அப்படியே இருந்தது; கழுத்து வலி நீங்கியது. வளைவின் வடிவத்தை மாற்றியதால் முன்பு அஞ்சி ஒதுங்கியவர் பலர் ஏற முடிந்தது. இலக்கியம் கற்பிக்கும் எனக்குப் பொறியியலில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். யாப்பு அறிந்தவர்க்கு இது புதிதன்று என்பேன். ஓசை திடுமென முறிவதற்கும் தூங்கி எழுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இன்றைய புதுச் சவாரிகளில் அத்தகைய அக்கறை எங்கே தேவைப்படுகிறது? இருக்கையில். தொடைமேல் இறங்கும் பிடிக்கம்பி இருவர்க்கும் பொதுவாக இருந்தால், தாயின் தொடையளவில் அது நின்றுவிடும். பக்கத்திலுள்ள குழந்தைக்கும் கம்பிக்கும் இடையே வெற்றிடம் விழும். குழந்தையை விலக்குவதைத் தவிர அங்கு வேறு வழியில்லை. ஒவ்வோர் இருக்கைக்கும் தனித்தனிக் கம்பி அமைத்துவிட்டால் அவரவர் உடலுக்கு ஏற்ப அது இறங்கும். நடுத்தர வேகமுள்ள சவாரியில் பெரியவரும் அதற்குரிய உயரமுள்ள சிறுவரும் அருகருகே அமரலாம். அத்தகைய குடும்ப ரோலர் கோஸ்டர்களை உலகின் பெரிய பூங்காக்கள் பலவும் நாட்டியுள்ளன. பெருஞ்சவாரி வேண்டா என்று நான் சொல்லவில்லை. இள்ளலூரில் தஞ்சையின் பெயரை நினைவூட்டுமாறு ‘தஞ்சோரா’ என்றொரு சவாரி வந்துள்ளது. தண்டவாளம் தலைக்கு மேலிருக்க, இருக்கைகள் அதனடியில் தொங்க, கால்கள் வெறுவெளியில் ஆட விரையும் வகை. சிகாகோவை அடுத்த பூங்காவில் 1992இல் இவ்வகையை முதன்முதல் அமைத்த அதே சுவிட்சர்லாந்து நிறுவனம்தான் இதனையும் செய்தது. நம் இளைஞர்க்கு அது வேண்டும். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகாணியை முடுக்குபவனுக்கு, இரண்டு நிமிடம் தன் உடல் தன்வசமில்லாமல் பறப்பது பெரிய விடுதலை. அதனை வீண் என்பவர் தொழிற்சாலைத் தளத்தில் ஒருநாள் நின்று பார்க்கட்டும். என் வேண்டுகோள், அத்தகைய ஒன்றை நாட்டும் ஒவ்வொரு முறையும் அருகில் தாயும் மகளும் சேர்ந்தேறக்கூடிய ஒன்றையும் நாட்டுங்கள் என்பது மட்டுமே.

கைக்குழந்தை உடைய தம்பதியர்க்கும் வழி உண்டு. டிஸ்னி பூங்காக்களில் ஒருவர் சவாரி செய்யும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருப்பார். பிறகு இவர் மீண்டும் நீண்ட வரிசையில் நில்லாமல் நேரே ஏறலாம். இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. வாயிலில் நிற்பவர்க்கு ஓர் உத்தரவு போதும். உடற்குறையுடையோர்க்கும் அவ்வாறே மனமிருந்தால் வழியுண்டு. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் 2010இல் திறக்கப்பட்ட மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் அவர்களை முன்னிறுத்தியே கட்டப்பட்டது. சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சலும் குதிரை ராட்டினமும் அங்கே உண்டு. உடற்குறையுடையோர்க்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

கீழே நிற்பவர்க்கு இனி வருவோம். வால்ட் டிஸ்னி தம் பெண்மக்களை லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிபித் பூங்காவிலுள்ள குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தாம் ஒரு பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டுமென்ற எண்ணம் அந்தப் பெஞ்சில்தான் பிறந்தது என்று அவரே கூறியிருக்கிறார். 1955இல் டிஸ்னிலேண்டு திறந்தது. உலகப் பூங்காக்களின் மூதாதை, பெஞ்சில் அமர்ந்த ஒரு தகப்பனின் சலிப்பில் பிறந்ததென்றால், நம் பூங்காக்களில் பெஞ்சுக்கு ஏன் இத்தனை பஞ்சம்?

நான் கேட்பது மூன்று. நிழல், இருக்கை, சவாரியைக் காணத்தக்க இடம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பெருஞ்சவாரியின் கீழும் வேண்டும். ஏறாதவர்க்குக் குறைந்த விலையில் ‘பார்வையாளர் சீட்டு’ வேண்டும். பூங்கா வாயிலிலிருந்து மாலை நேரத்தில் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பப் பேருந்து வேண்டும். சொந்த வண்டி இருப்பவர்க்கே எட்டும் கேளிக்கை, பொதுக்கேளிக்கை ஆகாது. பார்வையாளர் சீட்டு வணிகத்திற்குக் கட்டுப்படியாகாது என்பர். இள்ளலூர்ப் பூங்காவின் பணி பத்து விழுக்காட்டு உள்ளாட்சிக் கேளிக்கை வரியை முன்னிட்டுச் சில ஆண்டுகள் தாமதப்பட்டு, அரசு விலக்களித்த பின்னரே முன்னேறியது. அவ்விலக்கு தவறென்று சொல்லமாட்டேன்; வேலைவாய்ப்பு வந்திருக்கிறது. ஆனால் பொதுப்பணத்தை விட்டுக்கொடுக்கும் அரசு, அதற்கு ஈடாகக் கீழே நிற்கும் பாட்டிக்கு ஒரு மலிவுச் சீட்டைக் கேட்டு வாங்கியிருக்கலாம். இனி வரும் பூங்காக்களுக்கேனும் அதனை நிபந்தனையாக்கலாம்.

‘குடும்பம்’ என்ற சொல்லையும் சற்றே விரித்துக்கொள்ள வேண்டியுள்ளது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அத்தகைய விடுதிகளில் ஒரே அறையில் உறங்கி, ஒருத்தியின் காய்ச்சலுக்கு மற்றவள் கஞ்சி வைக்கும் பெண்கள் தொலைவூர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஞாயிறே விடுமுறை என்பதில்லை; ‘ஷிப்டு’ முறைப்படி செவ்வாயிலும் வரலாம், வியாழனிலும் வரலாம். தந்தை, தாய், இரு பிள்ளைகள் என்று அச்சிட்ட ‘குடும்பச் சீட்டு’ அவர்களுக்குப் பொருந்தாது. அறைத்தோழியர் நால்வர் வந்தால் அதனையும் குடும்பமெனக் கொள்ளும் சீட்டே இவ்வட்டாரத்திற்கு ஏற்றது.

இவ்வாண்டு எம் துறை மாணவியர் கல்விச்சுற்றுலாவின் இறுதிநாளை ஒரு பூங்காவில் கழிக்க விரும்புகின்றனர். பட்டியல் என்னிடம் உள்ளது. ஏறுவோர் எத்தனை பேர், ஏறாதோர் எத்தனை பேர் என்று தனித்தனியே குறித்து வைத்திருக்கிறேன். மாணவி ஒருத்தி ஊன்றுகோலோடு நடப்பவள், அவளுக்கென்று சவாரிகளின் விவரமும் கேட்டு எழுதியிருக்கிறேன். ஏறாதோர் பட்டியலின் கடைசியில் என் தாயாரின் பெயர். அழைத்தபோது அவர் தயங்கவில்லை. “அங்கே நிழல் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.