பழி அவளுக்கு மட்டும்தானா?

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகளுக்கு ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகம் பாடமாக வந்திருக்கிறது. பரீட்சைக்காக அவள் கதையைச் சொல்லிப் பார்க்க, நானும் மாமியாரும் காய் நறுக்கிக்கொண்டே கேட்டோம். "பாவம், நல்ல மனுஷன். பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான்" என்றார் மாமியார். எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

மாக்பெத் ஸ்காட்லாந்தின் வீரத் தளபதி. போரில் ஜெயித்துத் திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள், 'நீ ராஜாவாவாய்' என்கிறார்கள். கேட்ட மாத்திரத்திலேயே மன்னர் டங்கனைக் கொல்லும் நினைப்பு அவன் மனசில் எட்டிப் பார்த்து விடுகிறது. அப்போது மனைவி பக்கத்திலேயே இல்லை! நடந்ததை அவளுக்குக் கடிதம் எழுதித்தான் தெரிவிக்கிறான். ஆக, விதை அவனுடையது.

அதற்காக அவளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மன்னர் விருந்தாளியாக வந்து தங்கிய ராத்திரியில், 'வேண்டாம், இதோடு விட்டுவிடலாம்' என்று அவன் பின்வாங்குகிறான். 'நீயெல்லாம் ஆம்பளையா?' என்கிற மாதிரி குத்திக் காட்டி, மறுபடி கிளப்பி விடுபவள் அவள்தான். காவலர்களின் பானத்தில் மயக்க மருந்து கலப்பவள் அவள். பதற்றத்தில் அவன் கையோடு கொண்டுவந்துவிட்ட கத்திகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து, தூங்குகிறவர்கள் மேல் ரத்தத்தைப் பூசி விடுபவளும் அவளே. புருஷன் தயங்கி நிற்கும்போது கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியவள், பிடித்துத் தள்ளினாள். முதல் கொலையில் அவளுக்கும் சம பங்கு உண்டு.

ஆனால் பிறகு? நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் ஏவுகிறான். மனைவியிடம் மூச்சு விடவில்லை. மாக்டஃபின் மனைவியையும் பச்சைப் பிள்ளைகளையும் கொல்ல உத்தரவிட்டதும் அவனேதான். அதற்கெல்லாம் யார் தூண்டினார்கள்? அவளோ தூக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத ரத்தக் கறையைக் கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கடைசியில் தன் உயிரையே மாய்த்துக்கொண்டதாகச் சேதி வருகிறது.

மகள் இன்னொன்றும் சொன்னாள். இது 1606 வாக்கில் எழுதப்பட்ட நாடகம். நிஜத்தில் டங்கன் இறந்தது 1040-ல், மாக்பெத்தோடு நடந்த சண்டையில். மாக்பெத் 1057 வரை ஆண்டிருக்கிறான். மனைவியின் பெயர் குரூவாக். அவள் கொலைக்குத் தூண்டியதாக அந்தக் காலத்துப் பதிவுகளில் பேச்சே இல்லையாம். கதையால் வந்த கெட்ட பெயரைப் பாருங்கள்!

மனைவி சொன்னாள் என்று தப்பு செய்தவன், அவள் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா? நல்லது நடந்தால் தன் சாமர்த்தியம், கெட்டது நடந்தால் அவள் பேச்சு என்பது எந்த ஊர் நியாயம்? அதே சமயம், 'நான் வாயால்தானே சொன்னேன்' என்று நாமும் தப்பித்துக்கொள்ள முடியாது. அடுத்த வீட்டுக்காரரைக் காட்டி, 'அவர் சம்பாதிக்கிறாரே, உங்களால் முடியாதா?' என்று குத்துவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதையெல்லாம் சொன்னதும் மாமியார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஆமாம், கத்தியைப் பிடிச்சது அவன் கைதானே!" என்றார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் தோழிகளே?

- ஒரு வாசகி