கட்டணம் இல்லை, மதிப்பு உண்டு

சிங்கப்பூரின் மரினா விரிகுடாவை ஒட்டி நிற்கிறது எஸ்பிளனேட் கலை அரங்கம். டுரியான் பழத்தை நினைவூட்டும் அதன் கூரையை அறியாதவர் குறைவு. 2002ஆம் ஆண்டில் அந்த அரங்கம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அங்குத் தொடங்கிய ‘பேபீட்ஸ்’ இசைவிழாவுக்கு உள்ளூர் இசைக்குழுக்களே உயிர்நாடி. விழாவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பள்ளி மாணவரும், குழந்தையைத் தோளில் சுமந்து வரும் தந்தையும், மாலை நடைக்கு வந்த முதியவரும் நின்று கேட்கலாம்.

“இவ்விழாவுக்கு ஏன் கட்டணம் வாங்கக்கூடாது?” என்று சிலர் கேட்கலாம். இலவசமாகக் கிடைப்பதன் அருமை யாருக்கும் தெரியாது. பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், கட்டணம் வைத்தால் இழப்பதே அதிகம்.

புகழ்பெற்ற வெளிநாட்டுப் பாடகருக்கு மக்கள் நூற்றுக்கணக்கான வெள்ளி தருகின்றனர். காரணம், அவரை ஏற்கெனவே அறிந்திருக்கின்றனர். பெயரே தெரியாத உள்ளூர்க் குழுவுக்கு இருபது வெள்ளி தரப் பலரும் தயங்குவர். கேட்டால்தானே பிடிக்கும்? பிடித்தால்தானே அடுத்த முறை காசு கொடுத்துக் கேட்கத் தோன்றும்? மேலும், மதுக்கூடங்களில் நடக்கும் இசை இரவுகளுக்குப் பதினைந்து வயது மாணவர் செல்ல இயலாது. எல்லா வயதினருக்கும் திறந்திருக்கும் மேடையே அவருக்கு வழி.

இளையர்களுக்கு மேடை ஏன் தேவை என்பதற்குச் சிங்கப்பூர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1960களின் தொடக்கத்தில் குவீன்ஸ்டவுனில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் ‘தி குவெஸ்ட்ஸ்’ என்னும் குழுவைத் தொடங்கினர். 1964இல் அக்குழுவின் ‘ஷாண்டி’ என்ற இசைத்தட்டு இங்குள்ள தரவரிசையில் முதலிடம் பிடித்தது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். ஆனால், முளைப்பதற்கு நிலம் வேண்டுமே! பேபீட்ஸ் அந்த நிலத்தைத் தருகிறது. புதிய குழுக்களைத் தேர்வுச்சுற்றின்வழி தெரிவு செய்து, அனுபவமிக்க இசைக்கலைஞர்களிடம் பயிற்சி பெறச் செய்து, பிறகு மேடையேற்றுகிறது.

எனினும், ஒன்றை மறக்கக்கூடாது. கேட்பவருக்கு இலவசம் என்பதால் வாசிப்பவரின் உழைப்பும் இலவசம் ஆகிவிடாது. பல மாதப் பயிற்சி, இசைக்கருவி, ஒத்திகை அறை வாடகை என அவருக்குச் செலவுகள் உள்ளன. “மேடை தருகிறோம், அதுவே போதும்” என்று சொல்லி அவரை வெறுங்கையோடு அனுப்புவது முறையன்று. கலைஞருக்கு உரிய ஊதியத்தைப் பொதுநிதியும் ஆதரவாளர்களும் ஏற்பதே சரி.

கேட்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு ஒரு பாடலையேனும் முழுமையாகக் கேட்கலாம், மனமாரக் கைதட்டலாம், குழுவின் பெயரைக் கேட்டறிந்து நண்பரிடம் சொல்லலாம். நுழைவுச்சீட்டு இல்லாத விழாவில் கவனத்தோடு கேட்பதே கலைஞருக்குச் செலுத்தும் கட்டணம். அந்தக் கட்டணத்தை எல்லாராலும் செலுத்த முடியும்.